கோடு கிழித்த விலை

கடைக்குப் போகிறவர்களில் மூன்று ரகம் உண்டு. பொருள் வேண்டும் என்று போகிறவர்கள் ஒரு ரகம். பொழுது போகவில்லை என்று போகிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டு ரகத்தாராலும் உலகத்துக்குப் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. அவர்களை அவர்கள் பாட்டுக்கு விட்டுவிடலாம். மூன்றாவது ரகம்தான் நம் ஆள். அவருக்குப் பொருளும் வேண்டாம், பொழுதுபோக்கும் வேண்டாம். விலைச்சீட்டில் பெரிய எண் ஒன்று இருக்க வேண்டும், அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு ஓட வேண்டும், கோட்டுக்குக் கீழே சின்ன எண் ஒன்று இளித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவ்வளவுதான். அந்தக் கோட்டைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு பிரகாசம் வரும் பாருங்கள், மகள் பரீட்சையில் முதலாவதாக வந்த அன்றுகூட அப்படி ஒன்று வரவில்லை என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறார்.

இந்த ரகத்துக்கு ஒரு நல்ல மாதிரி வேண்டுமென்றால் சதவீதம் சாரைத்தான் காட்ட வேண்டும். சொந்தப் பெயர் ஒன்று அவருக்கு இருக்கிறது. அவருடைய அடுக்குமாடிக் கட்டடத்தில் அது யாருக்கும் ஞாபகமில்லை. தணிக்கை அலுவலகத்தில் மேற்பார்வையாளர். எவனாவது பயணப்படிக் கணக்கில் ஒரு தேநீரைக் கூடுதலாகக் குடித்திருந்தால் நான்கு மேசைக்கு அப்பாலிருந்தே அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். அப்பேர்ப்பட்ட கணக்குப் புலி, கடை வாசலை மிதித்ததும் கூட்டல் கழித்தலை வெளியே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு, சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போவார்.

பக்கத்து வீட்டில் யாராவது டிவி வாங்கினால் போதும், மறுநாள் காலையில் சார் ஆஜர். படம் எப்படித் தெரிகிறது, சத்தம் எப்படிக் கேட்கிறது என்பதெல்லாம் அவருக்கு வேண்டாத விஷயம். டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, காபியை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்பார்: "எவ்வளவுக்கு வாங்கினீங்க?"

அவர்கள் சொல்வார்கள்.

"அடடா."

இந்த 'அடடா'வை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் பெரியவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு சொல்வார்களே, அந்த அடடா. "ஒரு பதினஞ்சு நாள் பொறுத்திருந்தீங்கன்னா அறுபது சதவீதம் விட்டிருப்பான். பரவாயில்ல விடுங்க, நடந்தது நடந்து போச்சு" என்று ஆறுதலும் சொல்லிவிட்டுக் கிளம்புவார். அதுவரை பளிச்சென்று தெரிந்த டிவி அதன் பிறகு அந்த வீட்டுக்காரருக்கு மங்கலாகத்தான் தெரியும்.

அவர் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் ரொட்டி சுடும் கருவி இரண்டு இருக்கிறது. அந்த வீட்டில் ரொட்டி சாப்பிடுகிறவர் ஒருவர்கூட இல்லை. தானாகத் தரையைப் பெருக்கும் வட்டப் பெட்டி ஒன்று, வாங்கிய அன்று சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை. காதில் மாட்டிக்கொள்ளும் கருவிகள் அட்டைப்பெட்டியோடு ஏழோ எட்டோ. இவற்றுக்கெல்லாம் எவ்வளவு செலவாயிற்று என்று கேட்டுப் பாருங்கள், அவருக்குத் தெரியாது. எவ்வளவு மிச்சமாயிற்று என்று கேளுங்கள், மூச்சு விடாமல் ஒப்பிப்பார். மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்தே மாதக் கடைசியில் மனைவியிடம் பேருந்துக்குச் சில்லறை கேட்கிற நிலைக்கு வந்தவர் அவர்.

இப்படி இருக்கையில்தான் அவர் வீட்டு வாஷிங் மெஷின் உயிரை விட்டது. கொஞ்ச நாளாகவே சுற்றும்போது உறுமிக்கொண்டிருந்தது, ஒருநாள் துணியும் தண்ணீருமாக அப்படியே நின்றுவிட்டது. வீட்டம்மாவுக்கு ஏற்கெனவே மணிக்கட்டில் வலி. மருத்துவர் கனமான எதையும் பிழியக் கூடாது என்று சொல்லியிருந்தார். நனைந்த போர்வையைவிடக் கனமானது வீட்டில் வேறென்ன இருக்கிறது? அந்த அம்மா ஒரு முனையைக் குழாயில் கட்டி, மறுமுனையை முழங்கையில் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு பிழிய ஆரம்பித்தார்.

மெஷினுக்காக எங்கேயும் அலையவே வேண்டியதில்லை. இரண்டு தெரு தள்ளி, மருந்துக் கடைக்கும் பூட்டு ரிப்பேர்க் கடைக்கும் நடுவில், வீட்டம்மாவின் சொந்தத் தம்பியே மின்சாதனக் கடை வைத்திருந்தான். நம் கதையில் உண்மையிலேயே அடிபட்டவன் இந்தத் தம்பிதான். கொஞ்சம் பிடிவாதக்காரன். வாங்கின விலை, அதன்மேல் வாடகை, மின்கட்டணம், வீட்டுக்குக் கொஞ்சம் லாபம், இவ்வளவையும் கூட்டி ஒரு விலையை எழுதி ஒட்டுவான். பெரிய மனிதர் வந்தாலும் அதே விலை, குழந்தை வந்தாலும் அதே விலை. கடைப் பலகையிலேயே 'ஒரே விலை' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தான். விற்ற மெஷினைத் தானே வந்து பொருத்தி, கால்களைத் திருகித் திருகிச் சமன் செய்து, ஆடாமல் நிற்கிறதா என்று கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போவான்.

சதவீதம் சார் கடைக்கு வந்தார். மெஷின் கதவைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். தலையை உள்ளே விட்டார். போர்வை எத்தனை போடலாம், கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடுமா, எலி புகாமல் அடியில் தகடு உண்டா, தண்ணீர் மெதுவாக வந்தால் கோபித்துக்கொள்ளுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தம்பி ஒவ்வொன்றுக்கும் சலிக்காமல் பதில் சொன்னான். அக்காவின் மணிக்கட்டு அவன் மனசில் இருந்தது.

"சரி, விலை?"

"இருபத்திரண்டாயிரத்து ஐநூறு மாமா."

"எதுலேர்ந்து?"

"எதுலேர்ந்துன்னா?"

"எதுலேர்ந்து குறைச்சு இருபத்திரண்டரை?"

"எதுலேர்ந்தும் குறைக்கல மாமா. விலையே அதான்."

சாரின் முகம் சுருங்கியது. "அப்ப முழு விலைக்கு விக்கிறேங்கிற. சொந்த அக்கா புருஷன்கிட்ட." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். அதே மெஷின், நாற்பதாயிரத்துக்குக் குறுக்கே கோடு, கீழே இருபத்துநாலாயிரம். "பாரு. யாருன்னே தெரியாதவன் பதினாறாயிரம் விட்டுக்குடுக்கிறான்."

"மாமா, அவன் இருபத்துநாலு. நான் இருபத்திரண்டரை."

"நீ எவ்வளவு விட்டுக்குடுத்தே?"

"நான் வந்து..."

"சைபர். கணக்குல பேசு மச்சான், உணர்ச்சிவசப்படாத."

மெஷினை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு சார் கிளம்பிவிட்டார். சரி, போன்காரனிடமாவது வாங்கினாரா? அதுவும் இல்லை. நாற்பது சதவீதம் விடுகிறவன் பொறுத்தால் ஐம்பது விடமாட்டானா? வீட்டம்மா போர்வை பிழிந்துகொண்டே இருந்தார்.

அதோடு விட்டிருந்தால் பாதகமில்லை. கட்டடத்தில் யாருக்கு எது வாங்க வேண்டியிருந்தாலும் சார்தான் ஆலோசகர் அல்லவா? ஒவ்வொருவராகத் தம்பி கடைக்கு அழைத்துவந்தார். "நல்லாத் தொட்டுப் பாருங்க, என் மச்சினன்தான், எல்லாம் விளக்கமாச் சொல்லுவான்." தம்பியும் விளக்கமாகச் சொன்னான். குளிர்சாதனப் பெட்டியின் வயிற்றைத் திறந்து காட்டினான், விசிறியை மூன்று வேகத்தில் ஓட்டிக் காட்டினான். தொட்டுப் பார்த்தவர்கள் எல்லோரும் நன்றி சொல்லிவிட்டு வாசல் படியிலேயே நின்று போனில் வாங்கினார்கள். சில பேர் போனில் ஏதோ சிக்கிக்கொண்டு, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று தம்பியிடமே வந்து கேட்டதும் உண்டு. அவன் அதையும் சொல்லிக்கொடுத்தான்.

போன்காரன் போதாதென்று எதிர்வரிசையில் நாலு மாடிக் கடை ஒன்று திறந்தது. வாசலில் பலூன், உள்ளே குளிர், எங்கே திரும்பினாலும் சிவப்புக் கோடு. தம்பி மொத்த வியாபாரியிடம் என்ன விலைக்கு விசிறி எடுக்கிறானோ, அதைவிடக் குறைவாக அங்கே விசிறி விற்றார்கள். "அவன் விக்கிற விலைக்கு எனக்குச் சரக்கே கிடைக்காது மாமா. நஷ்டத்துக்கு விக்கிறான். நாங்கெல்லாம் பூட்டிக்கிட்டுப் போற வரைக்கும் அவனால தாங்க முடியும். எனக்கு ஒரு மாசம் தாங்காது" என்று தம்பி சொல்லிப் பார்த்தான்.

"பொறாமைப்படாத மச்சான்" என்றார் சார்.

அடுத்த தெருவில் விசிறி மட்டும் விற்ற பழைய கடை ஒன்று இருந்தது. அது முதலில் பூட்டியது. பூட்டிய மறுவாரமே நாலு மாடிக் கடையில் விசிறிக்குப் புதுச் சீட்டு வந்தது. முன்பு இரண்டாயிரத்து ஐநூறை அடித்து ஆயிரத்து ஐநூறு. இப்போது மூவாயிரத்து எண்ணூறை அடித்து ஆயிரத்துத் தொள்ளாயிரம். நானூறு ஏறியிருக்கிறதே என்று நீங்களும் நானும் நினைப்போம். சார் நினைக்கவில்லை. சந்தோஷம் தாங்காமல் அதைச் சொல்லவென்றே தம்பி கடைக்கு வந்தார். "அப்ப நாற்பது சதவீதம். இப்ப ஐம்பது! போட்டின்னு ஒண்ணு இருந்தா ஜனங்களுக்கு எவ்வளவு நல்லது, பார்த்தியா?"

போட்டிக்கு இருந்த கடை அப்போதுதான் போயிருந்தது. தம்பி தூசி துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு, துடைத்த மெஷினையே மறுபடியும் துடைத்தான். அன்றைக்குக் கடையில் வியாபாரம் என்று பார்த்தால் ஒரு பல்பு. கடையை மூடுவதா, பலகையில் இருக்கிற இரண்டு வார்த்தையை மூடுவதா என்ற இடத்துக்கு அவன் வந்துவிட்டான். இரண்டும் அவனுக்கு ஒன்றாகத்தான் பட்டது, அதனால்தான் அவ்வளவு வேதனை.

மறுநாள் அக்கா கடைக்கு வந்தார். மணிக்கட்டில் கட்டு. வந்ததும் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"தம்பி, இதுக்கு நாற்பத்தஞ்சாயிரம்னு எழுது."

"என்னக்கா சொல்றே? யாரு வாங்குவா?"

"எழுதி, அடிச்சிட்டு, இருபத்தேழுன்னு போடு. உங்க மாமா வாங்குவார்."

"இருபத்திரண்டரைக்கே வேண்டாம்னுட்டுப் போனாரே!"

"அவருக்கு விலை குறைய வேண்டாம்டா. குறைஞ்ச மாதிரி தெரியணும். என் கையால இனிமே ஒரு போர்வைகூடப் பிழிய முடியாது."

தம்பி எழுதினான். நாற்பத்தைந்தாயிரம். எழுதிவிட்டு அதன் குறுக்கே கோடு போடக் கை வராமல் பேனாவைப் பிடித்துக்கொண்டே நின்றான். இத்தனை வருஷத்தில் அவன் கடையில் எழுதிய முதல் பொய் அது. அக்காதான் பேனாவைப் பிடுங்கி, கட்டுப்போட்ட கையாலேயே, அடிமட்டம் வைத்ததுபோல் நேராக ஒரு கோடு இழுத்தார்.

அன்று சாயங்காலம், அக்கா இன்னும் கடையில் இருக்கும்போதே, சார் வந்தார். வழக்கம்போல் எகத்தாளமாக உள்ளே நுழைந்தவர் சீட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றார். உதடு மெல்ல அசைந்தது. "நாற்பத்தஞ்சு... இருபத்தேழு... பதினெட்டாயிரம்!" போனை எடுத்தார். போனில் பதினாறாயிரம்தான். "மச்சான், போன்காரனைவிட ரெண்டாயிரம் அதிகமா விடறியே! பொழைக்கக் கத்துக்கிட்டேடா!"

சார் திடீரென்று நெற்றியைச் சுருக்கினார்.

"ஆமா, அன்னிக்கு நீ இருபத்திரண்டரைன்னு சொன்னேல்ல?"

மாட்டிக்கொண்டோம் என்று தம்பிக்கு வியர்த்துவிட்டது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி இருமினார்.

"அன்னிக்கு ஆஃபர் இல்ல" என்று சாரே பதில் சொல்லிக்கொண்டார். "ஆஃபர் இல்லாத விலைக்கு நான் எதுக்கு வாங்கணும்?" இருபத்தேழாயிரத்தையும் அங்கேயே போனில் அனுப்பிவிட்டு, மெஷினைத் தட்டிக்கொடுத்தார்.

வீட்டுக்கு மெஷின் போனது. வீட்டம்மாவுக்கு விடிவு வந்தது. சாரோ கட்டடத்தில் ஒரு கதவு விடாமல் தட்டி, பதினெட்டாயிரம் மிச்சம் பிடித்த கதையைச் சொன்னார். முன்பு தொட்டுப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் இப்போது வாங்க வந்தார்கள். கோடு எங்கே, கோடு எங்கே என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரு பொருளில் கோடு போட்டுவிட்டுப் பக்கத்துப் பொருளில் எப்படிப் போடாமல் இருப்பது? இஸ்திரிப் பெட்டியில் விழுந்தது, விசிறியில் விழுந்தது, கடைசியில் பல்பில்கூட விழுந்தது. 'ஒரே விலை' என்ற எழுத்தை மறைத்துக்கொண்டு 'மாபெரும் தள்ளுபடி' என்று ஒரு துணி தொங்கியது. நாள் முழுக்க வியாபாரம். வாடகை பாக்கியும் தீர்ந்தது. தம்பி மட்டும் வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டான்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒருநாள் தையல்கார அம்மா ஒருவர் வந்தார். பழைய வாடிக்கை. தம்பியிடம் இஸ்திரிப் பெட்டி வாங்கி, அதை வைத்தே தொழில் செய்கிறவர். அலமாரியில் அதே இஸ்திரிப் பெட்டி இருந்தது, இரண்டாயிரத்து நானூறை அடித்து ஆயிரத்து இருநூறு. அந்த அம்மா நிதானமாகப் படித்தார்.

"ஏன் தம்பி, நான் உன்கிட்ட ஆயிரத்துக்கு வாங்கினேனே. அப்ப நீ எனக்குப் பொய் விலை சொன்னியா, இப்ப இவங்களுக்குச் சொல்றியா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தம்பி சீட்டைக் கவிழ்த்து வைத்தான். அந்த அம்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வந்த வேலையைச் சொல்லாமலே போய்விட்டார்.

அவமானம் தாங்கவில்லை அவனுக்கு. மறுநாள் காலையில் நாலாயிரத்து ஐநூறை ஒரு உறையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான். மாமாவிடமிருந்து ஆரம்பிப்போம், அதன்பிறகு வாங்கின ஒவ்வொருவருக்கும் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தள்ளுபடித் துணியை இறக்கிவிடுவோம் என்பது அவன் எண்ணம். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சார் அதற்கு எதிரில் நாற்காலி போட்டுக்கொண்டு, டிவி பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நாற்பத்தஞ்சுன்னு ஒரு விலையே கிடையாது. நானா எழுதினது. உங்ககிட்ட நாலாயிரத்து ஐநூறு கூட வாங்கிட்டேன். மன்னிச்சிருங்க. இந்தாங்க."

சார் உறையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா சமையலறை வாசலில் நின்று ஆமாம் என்று தலையை ஆட்டினார். தணிக்கைக்காரரின் மூளை ஒரு நிமிஷம் உண்மையாகவே கணக்குப் போட்டது. அவர் முகம் வெளுத்ததைத் தம்பி பார்த்தான்.

"இதை வாங்கிக்கிட்டா, மெஷின் எனக்கு எவ்வளவுக்கு ஆச்சு?"

"இருபத்திரண்டரைக்கு மாமா."

"எதுலேர்ந்து?"

"எதுலேர்ந்தும் இல்ல."

"அப்ப என் மிச்சம்?"

"அதான் நாலாயிரத்து ஐநூறு கையில தர்றேனே."

"கையில இருக்கிறது சரி. என் மிச்சம் எங்கேடா?" சாரின் குரல் உடைந்துவிட்டது. "பதினெட்டாயிரம் மிச்சம் பிடிச்சவன் நான். கட்டடம் பூரா சொல்லிட்டேன், ஆபீஸ்ல சொல்லிட்டேன், மேலதிகாரி எழுந்து வந்து கை குடுத்தாரு. நாலாயிரத்து ஐநூறைக் காட்டி அதைப் பிடுங்கப் பார்க்கிறியா?"

உறையை மைத்துனன் சட்டைப் பையிலேயே திணித்து, பையை மேலிருந்து இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இதோட விட்டுரு மச்சான். வெளியில மூச்சு விடாத" என்று கெஞ்சினார். மற்றவர்களையும் கேட்டுவிடுவோமே என்று தம்பி அந்தக் கட்டடத்திலேயே மூன்று வீட்டுக் கதவைத் தட்டினான். ஒருவரும் பணத்தைத் தொடவில்லை. ஒரு வீட்டில் அவன்மேல் கோபித்துக்கொண்டார்கள். தம்பி உறையோடு கடைக்குத் திரும்பினான்.

இப்போது தம்பி நன்றாக இருக்கிறான். பொய் எழுதுகிறவன் என்று நீங்கள் அவனைத் திட்டலாம். சதவீதம் சாரை நினைத்துச் சிரித்தும் கொள்ளலாம், தடையில்லை. ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். நாற்பத்தைந்தை அடித்து இருபத்தேழு என்று படித்தீர்களே, முழு விவரமும் தெரிந்திருந்தும், மனசின் ஒரு மூலையில் 'பரவாயில்லையே' என்று ஒரு சபலம் எட்டிப் பார்த்ததா இல்லையா? கோடே இல்லாத சீட்டு ஒட்டிய பொருளை, 'கடைசி விலை என்ன' என்று கேட்காமல், போனை எடுக்காமல், பையில் போட்டுக்கொண்டு வந்து எத்தனை நாளாயிற்று? வந்திருக்கிறீர்கள் என்றால் சந்தோஷம். அந்தத் தையல்கார அம்மா பக்கத்தில் உங்களுக்கும் ஒரு நாற்காலி போடலாம். வரவில்லை என்றால் கூச்சப்படாமல் தம்பி கடைக்குப் போங்கள். நீங்கள் உள்ளே வருவதைப் பார்த்ததும் அவன் ஒன்றும் பேசமாட்டான். சீட்டை எடுத்து, உங்கள் முகத்தை ஒருதரம் பார்த்து, அதற்குத் தகுந்தாற்போல் ஒரு பெரிய எண்ணை எழுதுவான்.